மைதானத்தில் சமமாக நில்லுங்கள்: கென்யாவுக்கு ஒரு விளையாட்டு ஊழியப் பயணம்

கென்யாவுக்கு ஒரு விளையாட்டுக் குழுவை ஊழியத்துக்கு அனுப்பலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு எழும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில், 2011 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு ஆறு பேர். ஆறு பேர் இருக்கும் இடத்திலிருந்து எண்பத்தைந்து பேர் இருக்கும் இடத்துக்கு நற்செய்தியோடு போகிறோம் என்றால், அங்கே நமக்கு என்ன வேலை?

இதற்குப் பதில் உண்டு. நைரோபியின் மத்தாரே, கிபேரா போன்ற நெருக்கடியான குடியிருப்புகளில் சபைகள் நிறைய இருக்கின்றன. அந்தச் சபைகளின் வாசலை மிதிக்காத பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். மாலையானால் அவர்கள் கூடும் இடம் மைதானம். பந்தும் தெரிந்து, வேதமும் தெரிந்து, வருஷம் முழுக்க அவர்களோடு நிற்கக்கூடிய பயிற்சியாளர்கள் வேண்டும் என்று ஏங்கும் போதகர்கள் அங்கே உண்டு. மொம்பாசா கடலோரத்தில் முஸ்லிம் அயலாரோடு நல்லுறவில் வாழ்ந்தபடியே தங்கள் விசுவாசத்தையும் மறைக்காமல் வாழ முயலும் சிறிய சபைகள் உண்டு. இவர்களில் யாருக்காவது உங்கள் குழு பயன்படலாம். ஆனால் எந்த வகையில் பயன்படலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நாம் இங்கேயே எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டு போய் இறங்கினால், அந்த இரண்டு வாரமும் நமக்குச் சமைத்துப் போட்டு, வண்டி பிடித்துக் கொடுத்து, கூட்டம் சேர்த்துத் தருவதே அவர்களுடைய ஊழியமாகிவிடும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் பந்துக்கு முன்பாக அழைப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

யார் அழைக்கிறார்கள்

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, பேராயராவதற்கு முன்பு ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனரிகள் நிறைந்திருந்த அரங்கில் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்திருக்கிறீர்கள், ஆனால் எங்களைச் சமமான நண்பர்களாக நடத்தவில்லை என்ற பொருளில் பேசினார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, வேறொரு நாட்டுக்கு மிஷன் பயணம் போகும் நாம் அந்த அரங்கின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது வெளியிலிருந்து வருகிறவர்கள் நாம்.

கென்யாவில் இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை இருப்புப்பாதை போட ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குப் பின்னாலும் பக்கத்திலுமாக வணிகர்கள் போனார்கள். பஞ்சாபிகளும் குஜராத்திகளுமாக வளர்ந்த அந்தச் சமூகத்தை 2017-ல் கென்ய அரசு நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் சாதாரண கென்யருக்கு இந்திய முகம் என்றால் கடை முதலாளியின் முகம் அல்லது தொழிற்சாலை மேலாளரின் முகம். தமிழர்கள் என்று நாம் தனியாகச் சொல்லிக்கொண்டாலும் பார்வையில் வித்தியாசம் இராது. வெறுங்காலோடு அவர்களுடைய புழுதியில் இறங்கி, அவர்களிடம் பந்தைப் பறிகொடுத்து, விழுந்து எழும் ஒரு இந்தியரை அந்தப் பிள்ளைகள் அதிகம் பார்த்ததில்லை. விளையாட்டுக் குழுவாகப் போவதில் இருக்கும் பெரிய நன்மை இதுதான். ஆட்டம் நடக்கும் ஒரு மணி நேரம் யாரும் யாருக்கும் மேலே இல்லை. ஆட்டம் முடிந்ததும் மேடையேறி, மைக்கைப் பிடித்து, பெட்டியைத் திறந்து ஜெர்சி பங்கிடத் தொடங்கினால் அந்த ஒரு மணி நேரம் வீணாகிவிடும். பின்வரும் நடைமுறை ஆலோசனைகளில் பாதிக்கு மேல் அந்தச் சமநிலையைக் கெடுக்காமல் காப்பதற்கானவைதான்.

அழைப்பைக் கடிதமாக வாங்குங்கள். அதில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த ஊர், எந்த வயதினர், நாம் போன பிறகு அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். மூன்றாவதற்கு ஒரு மனிதரின் பெயர் வர வேண்டும். "எங்கள் சபை பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாக வந்தால் மறுபடி எழுதிக் கேளுங்கள். கென்யாவில் யாரையும் தெரியாது என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கல்லூரிகளில் கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்களா என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டில் படிக்க வரும் ஆப்பிரிக்க மாணவர்கள் கணிசமானவர்கள். அவர்களை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறோமா, நம்முடைய மைதானத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறோமா? அதைச் செய்யாத சபை விமானம் ஏறி அவர்கள் ஊருக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

எந்த விளையாட்டு, யாரை அழைத்துப் போவது

விளையாட்டும் மிஷனும் கைகோத்த வரலாறு நீண்டது. 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1895-ல் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மோர்கன் வாலிபாலை உருவாக்கினார். இந்த இரண்டு ஆட்டங்களும் ஆசியாவுக்கு வந்ததில் ஒய்.எம்.சி.ஏ. செயலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. நம்முடைய பள்ளிகளில் விசில் ஊதும் பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். இன்றைய பாணியிலான குறுகிய காலப் பயணம் 1952-ல் அமெரிக்காவின் டெய்லர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டான் ஓடில் ஒரு கூடைப்பந்துக் குழுவைத் தைவானுக்கு அழைத்துப் போனதிலிருந்து பிரபலமானது. அந்தக் குழு ஆடும், இடைவேளையில் சாட்சி சொல்லும், மறுபடி ஆடும். அந்த முறையையே இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். இடைவேளைச் சாட்சி பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கென்யாவில் கால்பந்துக்கு விளக்கம் தேவையில்லை. எந்தக் குடியிருப்பிலும் ஆங்கிலப் பிரீமியர் லீக் ஜெர்சி போட்ட பையன் இருப்பான். ஆனால் தமிழ்நாட்டுக் குழுவுக்கு வாலிபால் நல்ல தேர்வு என்பேன். நம் கிராமங்களில் அந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. கென்யாவிலும் அது பெண்களின் பெருமிதம்: அந்நாட்டுப் பெண்கள் அணி டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் ஆடியது. ஆகவே உங்கள் குழுவில் பெண் ஆட்டக்காரர்கள் கட்டாயம் இருக்கட்டும். ஆண்கள் ஆட, பெண்கள் பாட்டுப் பாடி பொம்மலாட்டம் காட்டுவது என்ற பிரிவினை அங்கே எடுபடாது. எடுபடவும் வேண்டாம்.

கபடியையும் மறக்காதீர்கள். 2016-ல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் கென்யா ஆடியிருக்கிறது. பந்து வேண்டாம், வலை வேண்டாம், கோடு போட ஒரு குச்சி போதும். நாம் கற்றுக்கொடுக்கும் ஆட்டமாக அது இருக்கும். அதற்கு ஈடாக அவர்களிடமிருந்து ஓடக் கற்றுக்கொள்ளுங்கள். உலகத்தின் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் நாட்டுக்குப் போய், பயிற்சி தர வந்திருக்கிறோம் என்று மட்டும் நிற்பது பொருத்தமாக இல்லை. ஒரு காலை நேரத்தை அவர்கள் உங்களுக்குப் பயிற்சி தரும் நேரமாக ஒதுக்கிக் கேளுங்கள். அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது திறமைக்கு முன்பு குணம். மைதானத்தில் நடுவரிடம் கத்துகிறவர் சபையில் எத்தனை அருமையாக ஜெபித்தாலும் வேண்டாம். அவருடைய சாட்சியைப் பிள்ளைகள் ஏற்கெனவே மைதானத்தில் பார்த்துவிடுவார்கள். அதே சமயம், ஆட்டமே தெரியாத விசுவாசிகளைக் கொண்டு அணியை நிரப்பவும் வேண்டாம். சும்மா பெயருக்கு ஆடுகிற அணியை எதிரணி முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளும். ஆட்டம் மெய்யாக இருக்க வேண்டும். ஒரு பி.டி. மாஸ்டரும், முதலுதவி தெரிந்த ஒரு நர்ஸும், உள்ளூர்ப் போதகரிடம் வாயை மூடிக் கேட்கத் தெரிந்த ஒரு மூத்தவரும் இருந்தால் குழு பாதி தேறிவிட்டது.

நாளும் தாளும்

நம் வாலிபர்களுக்கு வசதியான மாதம் மே. கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், மைதானங்கள் சேறாகிக் கிடக்கும். டிசம்பரில் சிறுமழையின் மிச்சம் இருக்கும், கிறிஸ்துமஸுக்குக் குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும். அங்கே பள்ளிகளுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், வருடக் கடைசி என மூன்று விடுமுறைகள். வறட்சியும் குளிரும் விடுமுறையும் சேர்ந்து வருவது ஆகஸ்டில். நமக்கு அது கல்லூரி நடக்கும் காலம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டியிருக்கும். போகிறவரின் வசதியைவிட வரவேற்கிறவரின் பருவம் முக்கியம்.

உயரத்தைக் கணக்கில் எடுங்கள். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர். ஓட்டக்காரர்களின் ஊரான எல்டோரெட் சுமார் 2,100 மீட்டர், ஏறக்குறைய நம் கொடைக்கானல். தூத்துக்குடியிலோ சென்னையிலோ ஓடிப் பழகிய நுரையீரல் முதல் இரண்டு மூன்று நாள் திணறும். அந்த நாட்களில் பெரிய போட்டி வைக்காதீர்கள். நடந்து ஊரைப் பாருங்கள், வீடுகளுக்குப் போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் கிளம்பவே கூடாது. கென்யா அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்று இல்லாமல் திரும்பி வருகிறவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் சான்று செல்லுபடியாகும். அதன் பின் ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒரே நாளில் எல்லாருக்கும் கிடைக்காது, இரண்டு மாதம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். விக்டோரியா ஏரிப் பக்கமும் கடலோரமும் மலேரியா மிகுதி. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், நண்பர் சாப்பிட்டதைக் கேட்டு வாங்காதீர்கள்.

2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி தருகிறது. விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போய் மைதானத்தில் பிரசங்கிப்பதை, "ஊழியத்துக்காகத்தானே" என்று சிலர் நியாயப்படுத்துகிறார்கள். பொய்யில் தொடங்கும் சாட்சியை நான் ஏற்க மாட்டேன். கென்யாவில் மதப்பணிக்கென்று தனி அனுமதி வகைகள் இருக்கின்றன. உங்கள் குழு செய்யப் போவது இன்னது என்று அழைக்கும் சபை குடிவரவுத் துறையில் சொல்லி, எந்த அனுமதி வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கட்டும். நேபாளம் போன்ற நாடுகளில் மதமாற்ற முயற்சிக்கே ஐந்தாண்டுவரை சிறையும், வெளிநாட்டினருக்கு நாடு கடத்தலும் சட்டத்தில் இருக்கின்றன. அங்கே நாம் பொறுப்பில்லாமல் பேசிவிட்டுத் திரும்பினால் அதன் விலையை உள்ளூர் விசுவாசி கொடுக்கிறார். கென்யா திறந்த நாடு என்பதால் கவனம் தேவையில்லை என்று நினைக்காதீர்கள்.

பணத்தில் ஒன்று மட்டும். சபையின் அறக்கட்டளை நிதியை வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். போகிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், தனித்தனியாகப் போவது எளிது.

பெட்டி கட்டும்போது ஜெர்சிகளைப் பிளாஸ்டிக் கைப்பைகளில் போடாதீர்கள். 2017 ஆகஸ்டு முதல் கென்யாவில் அவற்றுக்குத் தடை, தண்டனையும் கடுமை. துணிப்பை போதும்.

மைதானத்தில்

முதல் ஆட்டம் மட்டும் நம் அணிக்கும் அவர்கள் அணிக்குமாக இருக்கட்டும். ஊரார் அதைத்தான் பார்க்க வருவார்கள். நடுவர் அவர்களில் ஒருவர். தவறான தீர்ப்பு வந்தாலும் நம் கேப்டன் தலையாட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து அணிகளைக் கலந்துவிடுங்கள்: பாதி அவர்கள், பாதி நாம். ஒரே அணியில் ஆடும்போதுதான் பெயர் கேட்கிறோம், தட்டிக் கொடுக்கிறோம், தண்ணீர் பாட்டிலைப் பகிர்கிறோம். பேச்சு அங்கிருந்து தானாக வளரும். எந்த ஊர், வீட்டில் யார் யார், நீங்கள் எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை அவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அதற்கு நேர்மையான பதில் உங்கள் ஒவ்வொருவரிடமும் தயாராக இருக்க வேண்டும். சுற்றி வளைக்காமல், இயேசுவைப் பின்பற்றுகிறவன் நான், அவரைப் பற்றிச் சொல்லவும் உங்களோடு விளையாடவும் வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். அதை ஒளித்து வைத்து, கடைசி நாளில் திடீரென்று எடுப்பது நட்பில் செய்யும் ஏமாற்று.

இடைவேளைச் சாட்சி ஏன் வேண்டாம் என்கிறேன்? ஆட்டத்தின் நடுவில் யாரும் எழுந்து போக முடியாது. நின்று கேட்பது அவர்கள் விருப்பமா, வேறு வழியில்லாமலா என்று நமக்கே தெரியாது. ஆட்டம் முடிந்து, கைகுலுக்கி, தண்ணீர் குடித்த பிறகு, "விருப்பமுள்ளவர்கள் அந்த மரத்தடிக்கு வாருங்கள், இருபது நிமிடம் பேசுவோம், மற்றவர்கள் பந்தை எடுத்து ஆடிக்கொண்டிருங்கள்" என்று சொல்லுங்கள். ஆடப் போகிறவனும் மறுநாள் அதே வரவேற்போடு சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும். மரத்தடிக்கு ஐந்து பேர் வந்தால் ஐந்து பேர். அவர்கள் கேட்க வந்தவர்கள்.

சாட்சி மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நம் சபைகளில் சாட்சி சொல்லும் நடை ஒன்று இருக்கிறது. பாவத்திலும் அக்கிரமத்திலும் கிடந்தேன், கர்த்தர் தூக்கியெடுத்தார் என்று தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடியும். நமக்கு அது பொருள் நிறைந்தது. சுவாஹிலியில் மொழிபெயர்க்கும் பையன் அதில் தடுமாறிப் போவான். நடந்ததைச் சொல்லுங்கள். மாவட்ட அணியில் பெயர் வராத அன்று என்ன நினைத்தீர்கள், முட்டி உடைந்து ஒரு வருஷம் படுத்திருந்தபோது யார் வந்து பார்த்தார்கள், சக ஆட்டக்காரன்மேல் இருந்த பொறாமையை எப்படி ஜெபத்தில் அறிக்கையிட்டீர்கள், அவனிடம் எப்படிப் போய்ப் பேசினீர்கள். இது எந்த மொழிக்கும் போகும். எழுதி, மொழிபெயர்ப்பவரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவரும் உங்களோடு சேர்ந்து தன் சாட்சியைச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் நாளையும் அங்கே இருப்பார்.

இந்தியாவில் பிற மதத்தவர் அப்படிச் செய்கிறார்கள், இப்படிச் செய்கிறார்கள் என்ற கதைகள் ஒன்றுகூட வேண்டாம். அங்கே மைதானத்தில் நிற்கும் முஸ்லிம் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். நம் சொந்த ஊரில் அயலாரைப் பற்றி அவர்கள் முன்னால் சொல்லத் துணியாததைக் கடல் தாண்டிச் சொல்வது கோழைத்தனம். ஆட்டத்துக்கு முன் ஜெபிப்பதென்றால் உங்கள் அணிக்குள் ஜெபியுங்கள். எதிரணியை வட்டத்துக்குள் இழுக்காதீர்கள், அவர்களாகச் சேர்ந்தால் நல்லது.

பிள்ளைகளைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். 2023-ல் கிலிஃபி கவுண்டியின் ஷக்கஹோலா காட்டில், ஒரு போதகரைப் பின்பற்றியவர்களின் உடல்கள் 400-க்கும் மேல் தோண்டியெடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து செத்தவர்களில் குழந்தைகள் ஏராளம். அந்தக் காயம் கென்யாவில் ஆறவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வேதப் புத்தகத்தோடு தங்கள் பிள்ளைகளைக் கூட்டினால் பெற்றோர் சந்தேகப்படுவதுதான் சரி. ஆகவே பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு சிறுவர் சிறுமிக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள், அதில் வேதாகமப் பேச்சும் உண்டு என்பது எழுதியிருக்கட்டும். பெற்றோர் மைதானத்தில் வந்து உட்கார இடம் போடுங்கள். நம் குழுவில் யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் பெரியவர்கள் இருவர். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர். புகைப்படம் எடுக்கவும் சம்மதம் வேண்டும். கிழிந்த சட்டையும் ஒழுகும் மூக்குமாக ஒரு குழந்தையைப் படமெடுத்து ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளையை அப்படி யாராவது போட்டால் பொறுப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா என்ற கேள்வி நம் சபைகளில் கட்டாயம் வரும். எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்ததும், பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றதும் எல்லாருக்கும் தெரியும். மறு ஆண்டே சீனாவுக்கு மிஷனரி ஆசிரியராகப் போனார். ஜப்பானியர் அடைத்து வைத்த வெய்ஷியன் முகாமில் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை நடுவராக நிற்க அவர் விரும்பவில்லை. ஆனால் நடுவர் இல்லாமல் பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது, அடுத்த ஞாயிறு அவரே வந்து நின்றார். 1945-ல் அந்த முகாமிலேயே இறந்தார். தனக்கென்று வரும்போது விட்டுக்கொடுக்காததைப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தவர் அவர். அழைத்த சபையின் வழக்கம் என்னவோ அதன்படி நடங்கள். அவர்கள் ஆராதனை முடிந்து மாலையில் ஆடுவார்களானால் நீங்களும் ஆடுங்கள்.

கொடுப்பதும் விட்டு வருவதும்

மத்தாரேயில் 1987-ல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. மத அமைப்பு அல்ல. அதன் லீகில் அணிகளுக்கு ஆட்டத்தில் வென்றால் புள்ளி உண்டு, தங்கள் தெருவின் குப்பையை அள்ளினாலும் புள்ளி உண்டு, குப்பைக்குக் கிடைக்கும் புள்ளி வெற்றியைவிட அதிகம். அங்கிருந்து வளர்ந்த மத்தாரே யுனைடெட் அணி 2008-ல் நாட்டின் லீக் பட்டத்தையே வென்றது. வெளியிலிருந்து வந்து இரண்டு வாரத்தில் யாரும் இதைக் கட்டியிருக்க முடியாது. வருஷக்கணக்கில் அதே புழுதியில் நின்றவர்கள் கட்டியது. இப்படி ஏற்கெனவே நடப்பதைப் போய்ப் பாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் போட்டியாகப் புதிதாக ஒன்றைத் திறக்காதீர்கள்.

பந்தும் வலையும் நைரோபிக் கடைகளில் கிடைக்கின்றன. அங்கேயே வாங்குங்கள், அந்தக் கடைக்காரருக்கும் வருமானம். பழைய ஜெர்சிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோக வேண்டாம். உலகத்தின் பழைய துணி எல்லாம் ஏற்கெனவே அந்தச் சந்தைகளுக்கு வருகிறது. வாங்கியதை உள்ளூர்ப் பயிற்சியாளர் கையில் பட்டியலோடு ஒப்படையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எப்போது கொடுப்பது என்பது அவர் முடிவு. வேதாகமப் பேச்சுக்கு வந்தால் ஷூ, வராவிட்டால் இல்லை என்ற நிலை எந்த உருவத்திலும் வரக் கூடாது. விசுவாசத்தை விலைபேசுவது அது.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அந்தப் பயிற்சியாளர்களோடு செலவிடுங்கள். காலையில் பத்து உள்ளூர் வாலிபர்களுக்குப் பயிற்சி முறை, காயத்துக்கு முதலுதவி, பிள்ளைப் பாதுகாப்பு, ஆட்டத்தோடு சேர்த்து வேதத்தைப் பேசும் விதம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டு, மாலையில் அவர்களே பிள்ளைகளை நடத்த நாம் பக்கத்தில் நின்றால் போதும். நாம் கிளம்பிய மறுநாளும் மைதானத்தில் விசில் கேட்கும்.

ஊர் திரும்பியதும் சபையில் அறிக்கை வாசிப்பீர்கள். எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று கேட்பார்கள். அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு விருந்தாளி கேட்டால் பிள்ளைகள் கை உயர்த்துவார்கள், அதில் எது மெய் என்பது அங்கிருக்கும் போதகருக்குத்தான் நாள் போகத் தெரியும். அதற்குப் பதில் நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள், அவர்களுக்காக எதை ஜெபிக்க வேண்டும், அவர்களிடம் என்ன கற்றீர்கள் என்று சொல்லுங்கள். குழுவில் ஒருவருக்காவது மாதம் ஒருமுறை அந்தப் பயிற்சியாளரோடு பேசும் பொறுப்பைக் கொடுங்கள். அடுத்த பயணம் அதே ஊருக்கு, முடிந்தால் அதே ஆட்களோடு. ஆண்டுக்கொரு நாடு என்று வரைபடத்தில் குறி போடும் ஆசையை அடக்குங்கள். அவர்களில் ஒருவரை இங்கே வரவழைத்து நம் வாலிபருக்குப் பயிற்சி தரச் சொன்னால் இன்னும் மேல்.

இதை வாசித்துவிட்டுக் கமிட்டியைக் கூட்டப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டுப் பதிவு செய்வதற்கு முன்னால், மொத்தச் செலவு எவ்வளவு என்பதை அந்தக் கென்யப் போதகருக்கு மறைக்காமல் எழுதுங்கள். நாங்கள் வரட்டுமா, இல்லை இந்தத் தொகையில் ஒரு பகுதி உங்கள் பயிற்சியாளர் ஒருவரின் படிப்புக்கோ மாதச் சம்பளத்துக்கோ உதவுமா என்று கேளுங்கள். தனிப்பட்ட முறையில் கொடுக்க மனமுள்ளவர்கள் சட்டப்படி கொடுக்க வழி இருக்கிறது. அவர் வாருங்கள் என்றால் சந்தோஷமாகப் போங்கள். இந்த வருஷம் வேண்டாம் என்றால் அந்தப் பதிலையும் சந்தோஷமாக ஏற்று, பயணத்தைத் தள்ளிவையுங்கள்.